தேர்தல் முடிவு வந்த பிறகு கட்சிகளும் ஊடகங்களும்: மும்பைத் தமிழர்களின் கேள்விகள், பதில்கள்

2024 ஜூன் 4-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. அன்று தொடங்கி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா, முலுண்ட், கல்யாண் என்று பல இடங்களிலிருந்து தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அதே ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் முடிந்ததும் கேள்விகள் இன்னும் பெருகின. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. தேர்தல் விதிகளையும் முடிவுப் படிவங்களையும் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. மேடையில் சொல்வதையும் திரையில் சொல்வதையும் படிவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரே முடிவை இரண்டு தரப்பும் வெற்றி என்று கொண்டாடினார்களே, அது எப்படி?

ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டார்கள். பாஜகவுக்கு 240 இடங்கள், அதன் கூட்டணிக்கு 293. ஆட்சி அமைக்க 272 போதும். எனவே, 1962-க்குப் பிறகு இரண்டு பதவிக்காலங்களை முடித்த ஓர் அரசு மூன்றாவது முறையும் வந்திருப்பது இப்போதுதான் என்று பிரதமர் அன்று மாலையே பேசினார். காங்கிரஸ் 52-லிருந்து 99-க்கு ஏறியிருந்தது, பாஜக 303-லிருந்து இறங்கியிருந்தது. எனவே இது மோடிக்குத் தார்மிகத் தோல்வி என்றார் கார்கே. ஒருவர் 272-ஐ வைத்து அளந்தார். மற்றவர், பாஜகவே பிரசாரத்தில் முழங்கிய 400-ஐ வைத்து அளந்தார்.

இரண்டு பேச்சிலும் எண்கள் சரியானவைதான். ஆனால் இருவருமே தொடாமல் விட்ட எண் ஒன்று உண்டு. பாஜகவின் வாக்கு விகிதம் 37 சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து சுமார் 36.6-க்கு வந்தது. ஒரு சதவீதப் புள்ளிகூட முழுதாகக் குறையவில்லை, 63 இடங்கள் போய்விட்டன. நாடு ஆளுங்கட்சியைத் தூக்கி எறிந்தது என்பதற்கும் இந்த எண் இடம் கொடுக்காது, நாடே திரண்டு வாழ்த்தியது என்பதற்கும் இடம் கொடுக்காது. உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கூட்டணிக் கணக்கு மாறியதுதான் பெரிய காரணம். அதைச் சொல்லி யாரும் கைதட்டு வாங்க முடியாது, அதனால் அது பின்பக்கச் செய்தியானது.

எங்கள் சாலில் (மும்பையின் வரிசைவீட்டுக் குடியிருப்பில்) மூன்று வீட்டில் மூன்று மொழிச் சேனல். மூன்றிலும் மூன்று தேர்தல் நடந்தது போல இருந்தது. எதை நம்புவது?

நானும் அதைக் கவனித்தேன். ஜூன் 4 மதியம் தமிழ்ச் சேனல்களில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் புதுச்சேரியும் திமுக கூட்டணிக்கு என்பதே பேச்சு. மராத்திச் சேனல்களில் பாராமதி: பவார் குடும்பத்துக்குள்ளேயே சுப்ரியா சுலேயும் சுனேத்ரா பவாரும் மோதிய தொகுதி. இந்திச் சேனல்களில் அயோத்தி அடங்கிய ஃபைசாபாதில் சமாஜ்வாதி கட்சி வென்ற அதிர்ச்சி. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நேயர் எதற்குக் கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பாரோ அதைக் காட்டினார்கள்.

இதில் மும்பைத் தமிழர்களான நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊர்ச் சேனலைப் பார்த்துவிட்டு மும்பையைப் பற்றி முடிவுகட்டுகிறோம். தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் வாக்களித்தது, மும்பை மே 20-ல். இடையில் ஒரு மாதப் பிரசாரம் ஓடியிருக்கிறது. நாம் வாக்களித்த சிக்கல்களும் வேறு. தாராவியில் மறுசீரமைப்புத் திட்டமும், அதில் வீடு பெறத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுவோமா என்ற பயமும் பேசப்பட்டன. திருநெல்வேலியில் இருக்கும் அண்ணனுக்கு அது செய்தியே இல்லை. உங்கள் தொகுதிக்கு உங்கள் நகரத்துச் செய்தித்தாளைப் படியுங்கள். மராத்தி வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது.

கருத்துக்கணிப்பு அவ்வளவு தவறிய பிறகும் அவர்கள் மேல் நடவடிக்கை கிடையாதா?

கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வாக்குக்குப் பிந்தைய கணிப்பை வெளியிடக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. எப்போது வெளியிடலாம் என்பதற்குத்தான் சட்டம். கணிப்பு சரியா, எத்தனை பேரைக் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

ஜூன் 1 மாலை வந்த கணிப்புகளில் ஆக்சிஸ் மை இந்தியா பாஜக கூட்டணிக்கு 361 முதல் 401 வரை கொடுத்தது. டுடேஸ் சாணக்யா 400-ஐ ஒட்டிச் சொன்னது. ஜூன் 3 திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் 4,389 புள்ளிகள் விழுந்தது. அந்த ஒரு நாளில் முதலீட்டாளர்கள் இழந்த மதிப்பு சுமார் 30 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். ஜூன் 6 அன்று ராகுல் காந்தி நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணை கேட்டார், பாஜக மறுத்தது. ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனத்தின் தலைவர் முடிவு நாளன்று நேரலையிலேயே அழுதார். அந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் ஓட்டிய சேனல்கள், ஏன் தவறியது என்பதற்கு அதில் பாதி நேரம்கூட ஒதுக்கவில்லை. மும்பையில் ஓய்வூதியப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டிருக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கணிப்பைக் கேட்டு ஒரு ரூபாய்கூட நகர்த்தாதீர்கள்.

தோற்றால் இயந்திரம் கெட்டது, வென்றால் நல்லது என்கிறார்களே. இதில் எல்லாக் கட்சியும் ஒன்றுதானா?

பெரும்பாலும் ஆம். 2009-ல் தோற்ற பிறகு, வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டவர் அத்வானி. 2024 ஜூனில் எதிர்க்கட்சிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்ததும் இயந்திரப் பேச்சு அடங்கியது. பிரதமரும் அதைக் கூட்டணிக் கூட்டத்தில் குத்திக்காட்டினார். அக்டோபரில் அரியானாவில் தோற்றதும், முடிவை ஏற்க முடியாது என்றது காங்கிரஸ். நவம்பரில் மகாராஷ்டிரத்தில் பாஜக, இரண்டாகப் பிரிந்த சிவசேனையின் ஷிண்டே பிரிவு, அஜித் பவார் கட்சி மூன்றும் சேர்ந்து 288-ல் 230 இடங்களை அள்ளியதும் பேச்சு மறுபடியும் உச்சத்துக்குப் போனது. சோலாப்பூர் மாவட்டத்தில் மார்கட்வாடி என்ற கிராமத்தில், தாங்களே வாக்குச்சீட்டு அச்சடித்து ஒத்திகைத் தேர்தல் நடத்திப் பார்க்கிறோம் என்று மக்கள் கிளம்பினார்கள். காவல்துறை தடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தொகுதியில் வென்றவரே எதிர்க்கட்சிக்காரர். தன் கிராமத்தில் விழுந்த வாக்கு குறைவு என்பதுதான் அவர் தரப்பின் குறை.

சந்தேகப்படுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ல், வாக்கு யாருக்குப் பதிவானது என்று காட்டும் ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் நினைவகச் சில்லைச் சோதிக்கலாம் என்றது. ஒரு இயந்திரத் தொகுப்புக்கு வரியோடு 47,200 ரூபாய் கட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நிர்ணயித்தது. மக்களவைத் தேர்தலில் எட்டுத் தொகுதிகளிலிருந்துதான் விண்ணப்பம் வந்தது. அதில் இரண்டு நம் ஊர்ப்பக்கம்: வேலூரில் பாஜக வேட்பாளர், விருதுநகரில் தேமுதிக வேட்பாளர். மகாராஷ்டிரத்தில் அகமத்நகரில் கேட்டவரும் பாஜகக்காரர். மேடையில் இயந்திரத்தைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இந்த விண்ணப்பத்தைப் போட்டார்கள் என்று பாருங்கள்.

வடமேற்கு மும்பையில் 48 வாக்கில் வென்றார்களே, அங்கே ஓடிபி வைத்து இயந்திரத்தைத் திறந்தார்கள் என்பது உண்மையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

நடந்தது இது. ஷிண்டே சிவசேனையின் ரவீந்திர வாய்க்கர் 4,52,644 வாக்குகள், உத்தவ் சிவசேனையின் அமோல் கீர்த்திகர் 4,52,596. வித்தியாசம் 48. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம். கோரேகாவில் எண்ணிக்கை நடந்த இடத்துக்குள் வெற்றி பெற்றவரின் உறவினர் ஒருவர் கைப்பேசி வைத்திருந்ததாக வன்ராய் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. இதுவரை உண்மை. ஜூன் 16 வாக்கில் மிட்-டே நாளிதழ், அந்தக் கைப்பேசிக்கு வந்த ஓடிபியைக் கொண்டு வாக்கு இயந்திரம் திறக்கப்பட்டது என்ற பொருளில் செய்தி போட்டது. அன்றே ராகுல் காந்தி இயந்திரங்களை யாரும் ஆராய முடியாத கறுப்புப் பெட்டி என்று எழுதினார். அதே வேளையில் எலான் மஸ்க் வாக்கு இயந்திரங்களையே ஒழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சில மணி நேரத்தில் விஷயம் உலகம் சுற்றிவிட்டது.

தேர்தல் நடத்தும் அலுவலர் செய்தியாளர்களை அழைத்து விளக்கினார்: வாக்கு இயந்திரம் எந்தக் கம்பியோடும் அலையோடும் இணைக்கப்படாதது, அதைத் திறக்க ஓடிபி என்று ஒன்று கிடையாது. ஓடிபி வருவது, எண்ணி முடித்த எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றும் அலுவலர் ஆணையத்தின் இணையத்தளத்துக்குள் நுழைவதற்கு. மிட்-டே தன் செய்தி தவறு என்று வருத்தம் தெரிவித்தது.

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் செய்ததைப் பாருங்கள். பரப்பியவர்கள், திருத்தத்தை அதே வேகத்தில் பரப்பவில்லை. மறுபக்கம், திருத்தம் வந்ததுமே எல்லாச் சந்தேகமும் பொய் என்று அறிவித்துவிட்டது. எண்ணும் இடத்துக்குள் கைப்பேசி எப்படிப் போனது என்ற சரியான கேள்வி இரண்டு கூச்சலுக்கும் நடுவில் நசுங்கியது. எனக்கு இன்றும் ஆற்றாமை அதில்தான். தவறான குற்றச்சாட்டு, நியாயமான குற்றச்சாட்டையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறது.

கீர்த்திகர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் வைத்த வாதம் ஓடிபி அல்ல. 333 டெண்டர் வாக்குகளைப் பற்றியது. தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டால், உண்மையான வாக்காளருக்குத் தேர்தல் நடத்துதல் விதிகளின் 49பி விதிப்படி தருகிற தனி வாக்குச்சீட்டுதான் அது. 48 வித்தியாசத்தில் 333 என்பது சின்ன எண் இல்லை. ஆனாலும், சட்டம் கேட்கும் அளவுக்கு விவரங்கள் மனுவில் இல்லை என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஓடிபி கதை தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது இந்த 333 தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தேர்தல் வழக்குப் போட்டால் ஏதாவது பயன் உண்டா? எல்லாம் ஐந்து வருடம் இழுக்குமே?

முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அது அரிது.

ஆனால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. 1987 டிசம்பரில் விலே பார்லே சட்டமன்ற இடைத்தேர்தலில் சிவசேனை ஆதரவோடு ரமேஷ் பிரபு வென்றார். பிரசாரத்தில் மத அடிப்படையில் வாக்குக் கேட்டதாக வழக்கு. 1989-ல் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது, 1995 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பேச்சுக்காரரான பால் தாக்கரேயின் வாக்குரிமையே ஆறு ஆண்டுகளுக்குப் பறிபோனது. எட்டு ஆண்டு ஆனது என்பது வேதனைதான். ஆனால் பிளவுபடுத்தும் பேச்சுக்கு இந்த நாட்டில் விலை கொடுக்க வைத்த தீர்ப்பு ஒன்று நம் நகரத்திலிருந்து வந்தது.

தோற்ற கட்சி தன்னைத் திருத்திக்கொள்ளுமா, பழியை மற்றவர்மேல் போடுமா?

இரண்டும் நடக்கும், வெவ்வேறு அறைகளில். மகாராஷ்டிரத்தின் 48 மக்களவைத் தொகுதிகளில் 30 இடங்களை எதிரணி எடுத்ததும், ஜூன் 5 அன்று பாஜகவின் தேவேந்திர ஃபட்னவிஸ் தோல்விக்குப் பொறுப்பேற்றுத் துணை முதல்வர் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டார். அதே பேட்டியில், அரசியல் சட்டத்தை மாற்றப்போகிறார்கள் என்று எதிர்க்கட்சி பொய்யான பேச்சைப் பரப்பியதும் தோல்விக்குக் காரணம் என்றார். அந்தப் பேச்சுக்கு விதை போட்டது கர்நாடகத்தில் பாஜகவின் சொந்த எம்.பி. ஒருவர் அரசியல் சட்டத்தை மாற்ற 400 இடம் வேண்டும் என்று சொன்னதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஜூன் 10-ல் நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், பிரசாரத்தில் கண்ணியம் தவறியதையும் ஓராண்டாக அமைதிக்குக் காத்திருக்கும் மணிப்பூரையும் எடுத்துப் பேசினார். எதிர்க்கட்சியை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்றார்.

உண்மையான பதில் பேச்சில் வராது, பட்ஜெட்டில் வரும். ஜூன் 28-ல் மாநில அரசு பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் லாட்கி பஹின் திட்டத்தை அறிவித்தது. தோல்விக்கும் அறிவிப்புக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. தாராவியில் விண்ணப்பம் நிரப்பக் கூட்டம் அலைமோதியது. நவம்பரில் ஆளும் அணி அதை 2,100 ஆக்குவதாகச் சொன்னது, எதிரணி 3,000 தருவதாகச் சொன்னது. கட்சிகள் மக்கள் தீர்ப்பை எப்படிப் படித்தன என்று தெரிய வேண்டுமானால் இந்த வரிசையைப் பாருங்கள்.

எதிரணி திருத்திக்கொண்டதா? ஜூன் வெற்றியிலேயே தங்கிவிட்டார்கள் என்பதே என் கருத்து. முதல்வர் வேட்பாளர் யார், யாருக்கு எத்தனை இடம் என்ற இழுபறியில் மழைக்காலம் முழுவதும் போனது.

எதிர்க்கட்சித் தலைவர் பதவி இப்போது மட்டும் எப்படி வந்தது?

மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 இடம் வேண்டும் என்பது நடைமுறை. காங்கிரஸுக்கு 2014-ல் 44, 2019-ல் 52. பத்தாண்டு நாற்காலி காலி. 99 வந்ததும் ராகுல் காந்தி அமர்ந்தார். மத்தியப் புலனாய்வுப் பிரிவு இயக்குநர், தலைமைத் தேர்தல் ஆணையர் போன்றோரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் அவருக்கு இடம் உண்டு.

“இவர்கள் ஓட்டுப் போட்டதால்தான் தோற்றோம்” என்று ஒரு சமூகத்தைக் காட்டுகிறார்களே. எங்கள் பகுதியில் இதனால் பேச்சுவார்த்தையே நின்ற வீடுகள் உண்டு.

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

துலே தொகுதியில் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் ஐந்தில் பாஜக முன்னிலை. ஆறாவதான மாலேகாவ் மத்தியப் பகுதியில் காங்கிரஸுக்கு ஏறத்தாழ 1.94 லட்சம் முன்னிலை. முடிவில் காங்கிரஸின் ஷோபா பச்சாவ் 3,831 வாக்கில் வென்றார். மாலேகாவ் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஃபட்னவிஸ் “வோட் ஜிகாத்” என்ற சொல்லை மேடைக்கு மேடை கொண்டுபோனார். நவம்பர் பிரசாரத்தில் அது சேனல்களின் அடிவரிச் செய்தியாகவே ஆனது. ஒரு பகுதி ஒருபக்கமாக வாக்களிப்பது இந்தியாவில் எங்கும் நடப்பது. தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாக நடக்கிறது. மும்பையில் குஜராத்தி வீட்டுவசதிச் சங்கங்கள் பாஜகவுக்கு மொத்தமாகப் போடுவதைப் பற்றி உத்தவ் தரப்பினர் கசப்போடு பேசியதும் நடந்திருக்கிறது. அதுவும் தவறுதான். வாக்கு அவரவர் உரிமை. போட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, அடுத்த தேர்தலுக்கு இன்றே வேலி போடுவது.

நம்மவர்கள் இதை மறக்கவே கூடாது. சிவசேனை 1966-ல் பிறந்தபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். லுங்கியைக் கேலி செய்த அந்த முழக்கத்தைக் கேட்டு மாட்டுங்காவில் கடைக் கதவை இழுத்து மூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அதே சிவசேனையின் உத்தவ் பிரிவுக்குத் தென்மத்திய மும்பையில் 2024-ல் தாராவித் தமிழர்கள் பெருமளவில் வாக்களித்தார்கள். அனில் தேசாய் 53,384 வாக்கில் வென்றார். அன்று நம்மைக் காட்டிய விரல் இன்று வேறொருவரைக் காட்டுகிறது என்பதற்காக அதோடு சேர்ந்து நாமும் விரல் நீட்டலாமா?

“தமிழ் ஓட்டு” என்று சேனலில் சொல்வதும் இந்த வகைதான். தாராவியும் சயான் கோலிவாடாவும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் ஒட்டி இருக்கும் சட்டமன்றத் தொகுதிகள். இரண்டிலும் தமிழர்கள் கணிசம். 2024 நவம்பரில் தாராவியில் காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட் வென்றார். சயான் கோலிவாடாவில் பாஜகவின் தமிழ்ச்செல்வன், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், மூன்றாவது முறையாக வென்றார். இதில் எது தமிழ் ஓட்டு?

யார் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? வாக்கு ரகசியம் இல்லையா?

உங்கள் வாக்கு ரகசியம். உங்கள் பூத்தின் வாக்கு ரகசியம் இல்லை. படிவம் 20 என்ற இறுதி முடிவுத்தாளில் ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு வரி இருக்கும்: பூத் எண், ஒவ்வொரு வேட்பாளரும் பெற்றது, நோட்டா, டெண்டர் வாக்கு. ஒரு பூத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். தாராவியில் அது நாலைந்து சந்துகள். எந்தச் சந்து கைவிட்டது என்று கட்சிக்காரர் விரல் வைத்துச் சொல்லிவிடுவார். அதன் பிறகு குழாய் ரிப்பேருக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதெல்லாம் தானாக நடக்கும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி 59ஏ இடம் தந்தது. இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பல பூத்துகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியாக எண் இருந்தால்தான் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று எதிர்வாதமும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஏழை மக்கள் வாழும் இடத்தில் பழிவாங்கலுக்குப் பயந்தே வாக்களிக்கும் நிலையைப் பார்த்தவன் என்ற முறையில், நான் கலந்து எண்ணுவதன் பக்கம்.

வாக்காளர் பட்டியலில் லட்சக்கணக்கில் பெயர் சேர்த்தார்கள் என்பது?

மக்களவைத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தேர்தலுக்கும் இடைப்பட்ட ஐந்து மாதத்தில் மகாராஷ்டிரத்தில் 39 லட்சம் வாக்காளர்கள் சேர்ந்தது எப்படி என்று 2025 பிப்ரவரியில் ராகுல் காந்தி, சுப்ரியா சுலே, சஞ்சய் ராவுத் மூவரும் கேட்டார்கள். ஆணையம் குற்றச்சாட்டை மறுத்தது. கேள்வியை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன். பதில் சொல்லும் முறையில்தான் ஆணையம் தன் மதிப்பைக் குறைத்துக்கொண்டது. 2024 டிசம்பர் 20-ல் மத்திய அரசு ஆணையத்தின் பரிந்துரையின்படி விதி 93-ஐத் திருத்தி, கேமரா பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தியது. 2025 மே மாத இறுதியில், வழக்கு இல்லையென்றால் 45 நாளில் பதிவுகளை அழிக்கலாம் என்றும் உத்தரவு வந்தது. சந்தேகம் பெருகும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை என்றாலும் யார் நம்புவார்?

அதே சமயம் கேட்பவர்களும் கணக்கில் கறாராக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் சஞ்சய் குமார், மகாராஷ்டிரத்தின் சில தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை பெருமளவு மாறியதாகப் பதிவிட்டார். இரண்டே நாளில், தரவைத் தவறாக வாசித்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டு நீக்கினார். அதற்குள் அது கட்சி மேடைகளில் ஏறியிருந்தது. மன்னிப்புக்குப் பிறகு அவர்மேல் நாக்பூரிலும் நாசிக்கிலும் வழக்குப் பதிந்தது அரசுத் தரப்பு. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிழையை ஒப்புக்கொண்டவருக்குப் போலீஸ் வழக்கு என்றால், நாளை யார் ஒப்புக்கொள்வார்?

சேனல் அல்லது நாளிதழ் பொய் செய்தி போட்டால் சாமானியர் என்ன செய்யலாம்?

நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதலாம். கண்டிக்கும் அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. சேனல் என்றால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலுக்கு, பிறகு ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.டி.எஸ்.ஏ.-வுக்கு. அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத சேனலை அது கட்டுப்படுத்தாது. நேரம், தேதி, சொன்ன வாக்கியம் மூன்றையும் எழுதி வையுங்கள். கோபத்தில் எழுதும் பத்து வரியைவிட அந்த மூன்று விவரத்துக்கு எடை அதிகம்.

ஊர் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தேர்தல் சண்டை ஓயவில்லை. மாமாவிடம் எப்படிப் பேசுவது?

மாமாவைத் திருத்தக் குழுவில் முயலாதீர்கள். பத்துப் பேர் முன்னால் வயதில் பெரியவர் இறங்கிவர மாட்டார். தனியாகப் போன் போட்டு, “மாமா, இது எந்தப் பூத்து, எந்த நாள் என்று இருக்கிறதா?” என்று மட்டும் கேளுங்கள்.

பூத் ஏஜெண்டாக உட்காரக் கூப்பிடுகிறார்கள். படிவம் 17சி என்றால் என்ன?

அவசியம் உட்காருங்கள், எந்தக் கட்சிக்காக இருந்தாலும். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் தலைமை அலுவலர் நிரப்பித் தரும் ஒரு தாள்தான் அது. பூத்துக்கு ஒதுக்கிய வாக்காளர் மொத்தம், 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள், வாக்களிக்க மறுத்தவர்கள், சோதனை வாக்கு, ஒவ்வொரு இயந்திரத்தின் எண்ணும் அதில் பதிவான வாக்கும், காகித முத்திரைகளின் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். விதி 49எஸ்-படி ஏஜெண்டுக்கு நகல் கொடுத்தாக வேண்டும். எண்ணும் நாளில் அந்த மேசையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததும், முத்திரை எண்ணையும் மொத்த வாக்கையும் இந்தத் தாளோடு ஒத்துப் பாருங்கள். 2024-ல் முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதி சதவீதத்தை ஆணையம் பதினோரு நாள் கழித்து வெளியிட்டதால் எழுந்த புகைச்சல் முழுவதையும் இந்தத் தாள்களை வைத்திருந்த கட்சியால் ஒரே நாளில் தீர்த்திருக்க முடியும். பல பூத்துகளில் ஏஜெண்ட் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார், தாள் வாங்க ஆள் இல்லை.

தாராவியில் வீடு இடிபட்டால் எங்கள் பெயர் பட்டியலில் இருக்குமா?

தானாக மாறாது. முகவரி மாறினால் படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். பெயரே இல்லாமல் போனால் படிவம் 6-ல் புதிதாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பெயரை நீக்கச் சொல்லி வேறொருவர் படிவம் 7 கொடுத்தால், உங்களுக்கு அறிவிப்பு அனுப்பாமல் நீக்கக் கூடாது. ஆனால் அந்த அறிவிப்பு பழைய முகவரிக்குத்தான் போகும். இடிபட்ட வீட்டுக்குத் தபால்காரர் எங்கே போவார்? எனவே வாடகை வீட்டுக்கோ தற்காலிக முகாமுக்கோ மாறிய முதல் மாதத்திலேயே படிவம் 8-ஐப் போட்டுவிட்டு, ஒப்புகை எண்ணை வாங்கி, வாடகை ஒப்பந்த நகலோடு சேர்த்து வையுங்கள். வரைவுப் பட்டியல் வெளியாகும்போது வார்டு அலுவலகத்திலோ இணையத்திலோ உங்கள் பெயரை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரையும் பாருங்கள்.